யாக் செராமிக்கை அச்சிட்டுக் கண்ணாடி போலத் தெளிவாக்குவது: பவுடர் முதல் பாலிஷ் வரை

முப்பரிமாண முறையில் அச்சிட்ட செராமிக் துண்டு உலையிலிருந்து வெள்ளையாக வெளியே வந்தால் எல்லோரும் உலையைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் அதற்கு வெகுமுன்பே நடந்திருக்கும்: எடை போட்ட மேசையில், ஸ்லரி (பவுடரும் திரவமும் சேர்ந்த குழம்பு) கலக்கிய ஜாடியில், பைண்டர் (துகள்களைப் பிடித்துவைக்கும் பாலிமர்) எரித்த அவசரத்தில். உள்ளே இருக்கும் குறையை உலை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. யாக், அதாவது இட்ரியம் அலுமினியம் கார்னெட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.82. அதனுள் மாட்டிக்கொண்ட ஒரு நுண்துளையின் எண் 1. இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஒவ்வொரு துளையும் ஒளியைச் சிதறடிக்கும். அதிலும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவுள்ள துளைகள்தான் மிக மோசம். நல்ல தெளிவு வேண்டுமென்றால் துளைகளின் மொத்தப் பருமன் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். சாதாரண செராமிக் அச்சிட்டுப் பழகியவர்கள் தடுமாறுவது இதில்தான். அங்கே 99 சதவீத அடர்த்தி வந்தால் கொண்டாடலாம், இங்கே அது வெறும் வெள்ளைக் கல்.

கீழே வரும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக 4ஆம் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. அச்சிடத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

தட்டையான வில்லை, சாதாரண உருளை என்றால் அச்சிட வேண்டாம். டையில் அழுத்திச் செய்வதே வேகம், தெளிவும் கூடுதல். உள்ளே குளிரூட்டும் கால்வாய் வேண்டும், பின்பக்கம் எடை குறைக்கப்பட்ட விலாச்சட்டம் வேண்டும், வளைந்த லென்ஸைக் கிட்டத்தட்ட இறுதி வடிவிலேயே பெற்றுக் கடைசலைக் குறைக்க வேண்டும் என்ற நிலையில்தான் அச்சிடுதல் பலன் தரும்.

இன்னொன்று: அச்சிட்ட மேற்பரப்பு ஒளியியல் மேற்பரப்பு ஆகாது. அடுக்குப் படிகள் இருக்கும். ஒளி நுழையும் முகமும் வெளியேறும் முகமும் பாலிஷ் செய்தே தீர வேண்டும். பாலிஷ் கருவி எட்டாத உள்சுவர் வழியாக ஒளி போகும்படி வடிவமைத்தால் அந்த வடிவம் தொடக்கத்திலேயே தோற்றது.

பொருள் தேர்வில், படிக அமைப்பு கனசதுரமாக இருப்பது நல்லது. யாக், ஸ்பினெல் இரண்டும் அப்படித்தான். ஒளி எந்தத் திசையில் போனாலும் ஒரே விலகல் எண் என்பதால் படிகமணிகளின் எல்லையில் சிதறாது. அலுமினா அப்படியல்ல. அதில் திசைக்குத் திசை எண் மாறும், ஆகவே மணிகளை அரை மைக்ரானுக்கும் கீழே வைத்தால்தான் ஓரளவு தெளியும். இந்த வழிகாட்டி யாக்கை எடுத்துக்கொள்கிறது. சூடான நிலையில் வாயு அழுத்தம் தரும் ஹிப் இயந்திரம் இல்லாமலும், நல்ல வெற்றிட உலை ஒன்றை வைத்தே அதைத் தெளிவாக்க முடியும் என்பதே காரணம். அச்சு முறை டிஎல்பி: ஒளியைப் படமாகக் காட்டி, ஸ்லரியை அடுக்கு அடுக்காக இறுக வைப்பது. ஒரே துண்டுக்குள் கலவை படிப்படியாக மாற வேண்டுமென்றால், அதாவது நடுவில் நியோடிமியம் சேர்த்த பகுதி, சுற்றிலும் சேர்க்காத பகுதி என்றால், ஊசிமுனையிலிருந்து பசையைப் பிழிந்து வரையும் முறைக்குப் போங்கள். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம் அந்த வழியில்தான் லேசர் செராமிக் செய்து காட்டியது. அதற்கு வேறு ஸ்லரி, வேறு கணக்கு.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

99.99 சதவீதத் தூய்மையுள்ள இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு), அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பவுடர்கள். அலுமினா துகள் 0.2 முதல் 0.3 மைக்ரான் அளவில் இருந்தால் வசதி. சின்டரிங்குக்கு (துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று இணைந்து இறுகும்படி சுடுவது) உதவ டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட். உயர்தூய்மை அலுமினா உருண்டைகளுடன் பால் மில், தூய எத்தனால். 385 அல்லது 405 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் டிஎல்பி அச்சு இயந்திரம். வாயு ஓட்டத்தில் மெதுவாகச் சூடேறும் குழாய் உலை, 1450 டிகிரி செல்சியஸ் வரை போகும் காற்று உலை, 1780 டிகிரி வரை போகும் டங்ஸ்டன் வெற்றிட உலை. நான்கு தசமம் காட்டும் தராசு.

கிராஃபைட் உலை மட்டும்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அதன் கார்பன் ஆவி துண்டுக்குள் புகுந்து சாம்பல் நிறம் தரும். பிறகு அதை வெளியேற்றுவது பெரும்பாடு.

அக்ரிலேட் திரவங்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒரு முறை வந்தால் போகாது. நைட்ரைல் கையுறை எப்போதும் வேண்டும். நுண்பவுடரைக் கையாளும்போது தகுந்த முகமூடி, பைண்டர் எரியும் உலைக்குப் புகைபோக்கி. இவை இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

3. எடை: 57.06-க்கு 42.94

யாக்கில் மூன்று இட்ரியாவுக்கு ஐந்து அலுமினா. எடையில் பார்த்தால் 100 கிராம் கலவைக்கு இட்ரியா 57.06 கிராம், அலுமினா 42.94 கிராம். இந்த விகிதத்தில் யாக் தரும் சலுகை மிகக் குறுகியது. அலுமினா கூடினால் அது தனி மணியாக எஞ்சும், இட்ரியா கூடினால் யாப் என்ற வேறு படிகக் கட்டம் வரும். இரண்டின் விலகல் எண்ணும் வேறு, இரண்டும் ஒளியைச் சிதறடிக்கும்.

இட்ரியா காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். டப்பாவைத் திறந்து அப்படியே எடை போட்டால் நீங்கள் எடுப்பது முழு இட்ரியா இல்லை. அதில் 1.5 சதவீதம் ஈரமும் வாயுவும் இருக்கிறது என்று வையுங்கள். 57.06 கிராமில் உண்மையான இட்ரியா 56.20 கிராம்தான். அதற்குத் தேவையான அலுமினா 42.30 கிராம், நீங்கள் போட்டதோ 42.94. மிச்சம் 0.64 கிராம் அலுமினா எங்கும் போகாது, துண்டுக்குள்ளேயே வெள்ளைப் புள்ளிகளாக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இரண்டு பவுடரிலும் ஒரு சிறு மாதிரியை எடுத்து 1000 டிகிரியில் சுட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எடை போடும் அதே நாளில் இதைச் செய்ய வேண்டும். போன மாதத்து அளவு இன்றைக்கு உதவாது.

அடுத்தது உருண்டைத் தேய்மானம். அலுமினா உருண்டை தேய்ந்தால் அந்த அலுமினாவும் கலவையில் சேர்கிறது. அரைப்பதற்கு முன்னும் பின்னும் உருண்டைகளைக் கழுவி, நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். 0.15 கிராம் குறைந்திருந்தால் அடுத்த தடவை அலுமினாவை அதே அளவு குறைத்துப் போடுங்கள். சிர்கோனியா உருண்டை தேயாது என்று அதற்கு மாறாதீர்கள். கொஞ்சமாவது தேயும், தேய்வது அந்நியப் பொருள்.

எத்தனாலில் இரண்டு பவுடரையும், பவுடர் எடையில் 0.5 சதவீதம் சிலிகேட்டையும் சேர்த்து 12 முதல் 24 மணி நேரம் அரையுங்கள். அந்த 0.5 சதவீதம் கடைசியில் சுமார் 0.14 சதவீதம் சிலிகாவாக மாறும், அது போதும். கூடுதலாகப் போட்டால் மணி எல்லைகளில் கண்ணாடிப் படலம் தங்கிவிடும்.

அரைத்து முடித்ததும் தட்டில் ஊற்றி அப்படியே உலர விடக் கூடாது. இட்ரியாவின் அடர்த்தி சுமார் 5, அலுமினாவின் அடர்த்தி 4-க்குச் சற்றுக் கீழே. ஓய்ந்திருந்தால் இட்ரியா முதலில் கீழே படியும், கலவை பிரிந்துவிடும். சுழல் ஆவியாக்கியில் சுற்றிக்கொண்டே உலர்த்துங்கள். பிறகு சலித்து, 600 முதல் 800 டிகிரியில் சுட்டுக் கரிமப் பொருளை நீக்குங்கள். இதைவிட அதிகம் சுட்டால் துகள்கள் கட்டியாக ஒட்டும்.

4. அச்சிடாமல் ஒரு வில்லை

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். அதே பவுடரில் கொஞ்சம் எடுத்து டையில் அழுத்துங்கள், முடிந்தால் குளிர் ஐசோஸ்டாட்டிக் அழுத்தமும் (திரவத்துக்குள் வைத்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவது) கொடுங்கள். அப்புறம் நேராக வெற்றிட உலையில் சுட்டுப் பாலிஷ் செய்யுங்கள்.

இந்த வில்லை தெளிவாக வராவிட்டால் அச்சு இயந்திரத்தின் பக்கமே போக வேண்டாம். தவறு பவுடரிலோ, எடையிலோ, உலையிலோ இருக்கிறது. ஸ்லரி, ஒளி, பைண்டர் என்று இன்னும் நான்கைந்து காரணிகளைச் சேர்த்த பிறகு அதைத் தேடினால் கிடைக்காது. வில்லை தெளிவாக வந்துவிட்டால், இனிமேல் வரும் வெள்ளைக்கெல்லாம் அச்சிடும் பகுதிதான் பொறுப்பு. தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அந்த வில்லையைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு உலை ஓட்டத்திலும் புதிதாக ஒன்று அழுத்தி அச்சிட்ட துண்டுகளுக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது.

5. ஸ்லரி

திடப்பொருள் பருமன் 45 சதவீதம் என்று தொடங்குங்கள். கலவைப் பவுடரின் அடர்த்தி 4.51 என்பதால் 100 மில்லிலிட்டர் ஸ்லரிக்குப் பவுடர் 203 கிராம். மீதி 55 மில்லிலிட்டர் திரவம், எடையில் சுமார் 59 கிராம். துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கும் சிதறலூக்கியும் இந்தத் திரவக் கணக்கில்தான் அடங்கும். அதைத் தனியாக மேலே சேர்ப்பவர்களுக்குப் பின்னால் சுருக்கக் கணக்கு இடிக்கும்.

ஹெக்ஸேன்டயால் டைஅக்ரிலேட் பாகுத்தன்மை குறைந்தது, அதை முதன்மைத் திரவமாக வைக்கலாம். வலைப்பின்னலை இறுக்க ட்ரைமெத்திலோல்ப்ரொபேன் ட்ரைஅக்ரிலேட் கொஞ்சம். இறுகாத பாலிஎத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் சேர்ப்பது முக்கியம். சூடாக்கும்போது அது முதலில் வெளியேறி மற்ற வாயுக்களுக்கு வழி திறந்துவிடும். இதைச் சேர்க்காமல் தடிமனான துண்டு செய்தவர்கள் விரிசலைத்தான் பார்ப்பார்கள்.

சிதறலூக்கியின் அளவை யூகிக்காதீர்கள். சிறு குப்பிகளில் பவுடர் எடையில் 1, 1.5, 2, 2.5, 3 சதவீதம் என்று கலந்து பாகுத்தன்மையை அளந்து, மிகக் குறைவான இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிச் சேர்த்தால் மீண்டும் கெட்டியாகும்.

பவுடரை 120 டிகிரியில் உலர்த்திவிட்டு, பகுதி பகுதியாகச் சேர்த்து அரையுங்கள். ஒளி பட்டதும் திரவத்தை இறுகச் செய்யும் ஒளித்தூண்டி எப்போதும் கடைசியில், மஞ்சள் வெளிச்சத்தில். முதலிலேயே போட்டால் அரைக்கும் சூட்டிலும் அறை வெளிச்சத்திலும் சிறு ஜெல் திரள்கள் உருவாகும். கண்ணுக்குத் தெரியாது. எரிந்த பிறகு அந்த இடத்தில் துளை மட்டும் இருக்கும்.

கடைசியாகக் காற்றை நீக்குவது. ஸ்லரியை வெற்றிடப் பெட்டிக்குள் வைத்தால் முதலில் பொங்கி மேலே வரும், பிறகு சட்டென்று தணியும். தணிந்த பிறகும் மேற்பரப்பில் குமிழி வெடிப்பது நிற்கும் வரை காத்திருங்கள். இருபது மைக்ரான் குமிழி ஒன்று உள்ளே தங்கினால் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான மணிகள் நிற்கும். அத்தகைய துளை உலையில் மூடாது, சில சமயம் வளரவும் செய்யும். துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளை மட்டும்தான் சின்டரிங் மூடும்.

தூசியும் இதே கணக்குதான். துணி நார் ஒன்று விழுந்தால் அது எரிந்து, தன் வடிவத்திலேயே ஒரு சுரங்கத்தை விட்டுச்செல்லும்.

6. இறுகும் ஆழத்தை அளந்த பிறகே அச்சிடுங்கள்

ஸ்லரித் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஐந்து வெவ்வேறு ஒளி அளவுகளில் காட்டுங்கள். இறுகாத பகுதியைத் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரால் தடிமனை அளங்கள். மெதுவாக, ஏனென்றால் படலம் மிருதுவானது, அழுத்தினால் நசுங்கும். ஒளி ஆற்றலின் மடக்கையைக் கீழேயும் தடிமனை மேலேயும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு ஒளி ஊடுருவும் ஆழம். கோடு கீழ் அச்சைத் தொடும் இடம் இறுகத் தொடங்கும் ஆற்றல்.

இட்ரியாவின் விலகல் எண் சுமார் 1.9, அக்ரிலேட்டின் எண் 1.46 அளவில். இவ்வளவு வித்தியாசத்தில் ஒளி ஸ்லரிக்குள் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில் பரவும். அதனால் ஒரு மில்லிமீட்டர் அகலக் கோட்டையும் காட்டி, அது எவ்வளவு தடித்திருக்கிறது என்று பாருங்கள். அச்சுக் கோப்பில் அதை ஈடுகட்ட வேண்டும்.

அடுக்கு 25 மைக்ரான் என்றால் இறுகும் ஆழம் 60 முதல் 75 மைக்ரான் வரை இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் அடுக்குகள் ஒன்றோடொன்று சரியாகப் பிடிக்காது. மேலே போனால் உள் இறுக்கம் சேர்ந்து, பைண்டர் நீக்கும்போது அடுக்கு பிளக்கும். பிளவைப் பார்த்ததும் ஒளியைக் கூட்டுவது புதியவர்களின் பழக்கம். பாதி நேரம் ஒளி ஏற்கெனவே அதிகமாக இருப்பதுதான் பிளவுக்குக் காரணம். கூட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை குறைத்துப் பாருங்கள்.

7. அச்சிடுதல்

45 சதவீத ஸ்லரி முழு அடர்த்திக்கு வரும்போது நீளத்தில் சுமார் 23.4 சதவீதம் சுருங்கும். எனவே கோப்பை 1.305 மடங்கு பெரிதாக்க வேண்டும். செங்குத்தில் சுருக்கம் வேறாக இருக்கலாம், ஒரு சிறு கனசதுரம் அச்சிட்டு அளந்து திருத்துங்கள். பாலிஷ் செய்யும் முகங்களில், சுருங்கிய பிறகும் ஒவ்வொரு பக்கமும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிகளில் எந்தச் சுவரும் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தடிமன் இரட்டிப்பானால் பைண்டர் நீக்கும் சிரமம் இரட்டிப்பதில்லை, அதைவிடப் பல மடங்கு கூடும்.

பல இயந்திரங்கள் தட்டில் ஒட்டுவதற்காக முதல் சில அடுக்குகளுக்கு மட்டும் கூடுதல் ஒளி தரும். அந்த அடுக்குகள் வேறு மாதிரிச் சுருங்கும், விரிசலும் அங்கிருந்தே புறப்படும். அதனால் துண்டுக்கு அடியில் ஒரு பலி அடித்தளம் அச்சிட்டு, பிறகு அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

ஒவ்வொரு அச்சிலும் துண்டுடன் நான்கைந்து சிறு வில்லைகளையும் சேர்த்து அச்சிடுங்கள். சாட்சி வில்லைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த படிகளில் உடைத்துப் பார்க்கப்போவது அவற்றைத்தான்.

8. கழுவுதல்

ஒட்டியிருக்கும் ஸ்லரியைப் பவுடர் சேர்க்காத அதே மோனோமர் திரவத்தால் கழுவி, காற்றால் ஊதி நீக்குங்கள். ஆல்கஹால் போன்ற கரைப்பானில் போட்டால் சில பத்து விநாடிகளில் வெளியே எடுத்துவிட வேண்டும். ஊறினால் பாலிமர் வீங்கி, அடுக்குகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பிளவு விழும். மீயொலித் தொட்டி வேண்டாம். கால்வாய்க்குள் ஸ்லரி தங்கியிருக்கிறதா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எரித்த பிறகு அதை எடுக்க வழியில்லை.

9. பைண்டர் நீக்கம்: அவசரப்படக் கூடாத இடம்

அச்சிட்ட துண்டின் ஒரு சில்லை வெப்ப எடைப் பகுப்பாய்வில் போட்டு, எந்த வெப்பத்தில் எடை வேகமாகக் குறைகிறது என்று பாருங்கள். அக்ரிலேட்டுக்குப் பெரும்பாலும் 350 முதல் 450 டிகிரி. உங்கள் கலவையில் அந்த உச்சம் எங்கே வருகிறதோ அங்கே உலை ஊர்ந்து போக வேண்டும்.

முதலில் ஆர்கான் அல்லது நைட்ரஜன் ஓட்டத்தில் 600 டிகிரி வரை, நிமிடத்துக்கு 0.2 டிகிரி. 500 டிகிரியைக் கடக்கவே ஏறத்தாழ 42 மணி நேரம் ஆகும். நீளம்தான். ஆனால் காற்றில் நேராக எரித்தால் பாலிமர் தானே சூடு கிளப்பும். வெளித்தோல் முதலில் எரிந்து சுருங்கும், உள்ளே வாயு சேர்ந்து பிளக்கும். வாயு ஓட்டத்தில் மெதுவாகச் சிதைந்தால் அந்தச் சிக்கல் குறைவு.

இந்தக் கட்டத்தில் துண்டு கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். அது எஞ்சிய கார்பன். அடுத்து காற்றில் 1000 டிகிரி வரை ஏற்றி இரண்டு முதல் நான்கு மணி நேரம் வையுங்கள், வெள்ளையாகும்.

இப்போது இரண்டு சோதனை. ஒன்று, எடை: 203 கிராம் பவுடரும் 59 கிராம் திரவமும் என்ற கணக்கில் துண்டு 22.5 சதவீதம் எடை இழந்திருக்க வேண்டும். நிறைய விலகினால் ஸ்லரிக் கணக்கே தவறு. இரண்டு, ஒரு சாட்சி வில்லையை நடுவில் உடையுங்கள். முறிவு முகம் ஓரத்திலிருந்து நடு வரை ஒரே வெள்ளையா? நடுவில் பென்சிலால் இலேசாகத் தீட்டியது போலச் சாம்பல் தெரிந்தால் கார்பன் போகவில்லை, காற்றில் இன்னும் நேரம் வேண்டும். தராசு இந்தச் சிறு அளவைக் காட்டாது, கண் காட்டும். இப்படியே வெற்றிட உலைக்குப் போனால் அந்தக் கார்பன் உள்ளேயே அடைபடும்.

இந்த நிலையில் துண்டு சுண்ணக்கட்டியைவிட மென்மை. இடுக்கியால் எடுக்காதீர்கள், தட்டோடு நகர்த்துங்கள். எளிய வடிவமாக இருந்தால் இப்போது உறையிட்டுக் குளிர் ஐசோஸ்டாட்டிக் அழுத்தம் தரலாம், அடர்த்தி கூடும். கால்வாய் உள்ள வடிவத்துக்கு அது ஒத்துவராது.

10. வெற்றிட சின்டரிங்

ஏன் வெற்றிடம்? துளைகள் மூடும்போது உள்ளே ஆர்கானோ நைட்ரஜனோ இருந்தால் அந்த வாயு செராமிக் வழியே வெளியேற முடியாது. துளை ஓரளவு சுருங்கி அப்படியே நின்றுவிடும். அழுத்தம் 0.001 பாஸ்கல் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

1200 டிகிரி வரை நிமிடத்துக்கு 5 டிகிரி, பிறகு 1 அல்லது 2 டிகிரி. இட்ரியாவும் அலுமினாவும் இந்த வழியில் முதலில் வேறு இரண்டு கட்டங்களாக மாறி, 1400 டிகிரிக்கு மேலேதான் முழு யாக் ஆகின்றன. வேகமாகப் போனால் அந்த மாற்றம் சீராக நடக்காது. ஹிப் இல்லையென்றால் 1700 முதல் 1780 டிகிரியில் 8 முதல் 20 மணி நேரம். துண்டுக்கு அடியில் ஏற்கெனவே சுட்ட யாக் பவுடரைத் தூவுங்கள், ஒட்டாது, சுருங்கும்போது தாராளமாக நகரும்.

கூடுதல் வெப்பம் கூடுதல் தெளிவு தராது. மணிகள் தாறுமாறாக வளரத் தொடங்கினால் எல்லைகள் துளைகளைத் தாண்டி ஓடிவிடும். துளை மணிக்குள் சிக்கிக்கொண்டால் எவ்வளவு நேரம் சுட்டாலும் வெளியே வராது.

யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம்: வெப்பமானியின் கண்ணாடிச் சாளரத்தில் உலோக ஆவி படியும். படிந்தால் அது குறைவான வெப்பத்தைக் காட்டும், கட்டுப்பாட்டுக் கருவியோ அதை நம்பி உலையை இன்னும் சூடாக்கும். போன வாரம் தெளிந்த அதே நிரல் இந்த வாரம் வெள்ளை தந்தால் முதலில் சாளரத்தைத் துடையுங்கள்.

ஆர்க்கிமிடீஸ் முறையில் அடர்த்தி அளந்து 4.55 வந்ததும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தெளிந்த துண்டுக்கும் மங்கிய துண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தத் தராசின் பிழைக்குள் அடங்கிவிடும்.

11. ஹிப் இருந்தால்

அப்போது திட்டத்தையே மாற்ற வேண்டும். முழுதாகச் சுட்டுவிட்டு ஹிப்புக்கு அனுப்புவது வீண். 1600 முதல் 1700 டிகிரியில் நிறுத்தி, மணிகள் ஒன்றிரண்டு மைக்ரானாக இருக்கும்போதே அனுப்புங்கள். சிறிய மணி என்றால் துளைகள் எல்லைகளில் இருக்கும், அழுத்தம் அவற்றை எளிதில் மூடும். ஆர்கானில் 100 முதல் 200 மெகாபாஸ்கல், 1500 முதல் 1700 டிகிரி.

நிபந்தனை ஒன்றே: துளைகள் மேற்பரப்போடு இணைந்திருக்கக் கூடாது. இணைந்திருந்தால் வாயு உள்ளே புகுந்து இரு பக்கமும் ஒரே அழுத்தம் ஆகிவிடும், எதுவும் மூடாது. அடுக்குப் பிளவு ஓரம் வரை வந்த துண்டுகளை ஹிப் காப்பாற்றாது.

12. காற்றில் பதப்படுத்துதல்

வெற்றிடத்தில் துண்டு கொஞ்சம் ஆக்சிஜனை இழந்திருக்கும். பழுப்பு அல்லது சாம்பல் சாயல் அதனால்தான். காற்றில் 1400 முதல் 1450 டிகிரியில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வைத்தால் நிறம் போகும். ஆக்சிஜன் ஊறி உள்ளே போக வேண்டியிருப்பதால் தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹிப் செய்த துண்டுக்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. நசுங்கிய துளைக்குள் அழுத்தப்பட்ட ஆர்கான் இருந்தால், அழுத்தம் இல்லாத சூட்டில் அது மீண்டும் விரியும், தெளிந்த துண்டு மங்கும். முதலில் ஒரு சாட்சி வில்லையை மட்டும் பதப்படுத்திப் பாருங்கள்.

13. பாலிஷுக்கு முன் ஓர் எட்டு உள்ளே பார்ப்பது

பாலிஷ் செய்யாத துண்டு எப்போதும் வெள்ளையாகத்தான் தெரியும், மேற்பரப்பின் சொரசொரப்பே போதும் அதற்கு. அதைப் பார்த்துத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் விலகல் எண் உயர்ந்த அமிழ்வுத் திரவம் ஒரு துளி விட்டு, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து எழுத்துகள் மேல் வையுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்தால்கூட ஓரளவு புரியும். எழுத்து தெரிந்தால் பாலிஷுக்கு அனுப்பலாம்.

வைரச் சக்கரத்தால் இரு முகத்தையும் இணையாகக் கடைந்து, பிறகு 15, 9, 6, 3, 1 மைக்ரான் வைரப் பசை, கடைசியில் கொல்லாய்டல் சிலிகா. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் சேதத்தை முழுதாக நீக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஆழமான கீறல் கடைசி வரை கூடவே வரும். அழுத்தம் அதிகமானால் மணிகள் பிடுங்கிக்கொண்டு வரும், அந்தக் குழிகள் நுண்துளை போலவே தெரியும். நுண்ணோக்கியில் குவியத்தை மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே இறக்குங்கள். மேலே மட்டும் தெரிந்து மறைவது பிடுங்கல், இறங்க இறங்கப் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பது உண்மையான துளை.

14. மங்கலைப் படிப்பது

யாக்கில் துளையே இல்லாவிட்டாலும் இரு முகங்களின் எதிரொளிப்பால் 1064 நானோமீட்டரில் சுமார் 84 சதவீதம் ஒளிதான் கடந்து வரும். நூறை எதிர்பார்க்காதீர்கள். அளவைச் சொல்லும்போது தடிமனையும் சேர்த்துச் சொல்லுங்கள், தடிமன் இல்லாத சதவீதத்துக்குப் பொருள் இல்லை.

400 நானோமீட்டருக்கும் 1064-க்கும் இடையே வளைவைப் பாருங்கள். நீலப் பக்கம் மட்டும் சரிந்திருந்தால் மிகச் சிறிய துளைகள், சின்டரிங் வெப்பமோ நேரமோ போதவில்லை. எல்லா அலைநீளத்திலும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் பெரிய குறைகள்: குமிழி, ஜெல் திரள், நார். ஸ்லரிக்குத் திரும்புங்கள்.

குறுக்குத் துருவணத் தகடுகளுக்கு நடுவே நல்ல யாக் இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் புள்ளிகள் மின்னினால் அலுமினாவோ யாப்போ எஞ்சியிருக்கிறது, எடைக் கணக்கைத் திறங்கள். புள்ளி இல்லாமல் பரவலாக வெளிச்சம் கசிந்தால் அது உள் இறுக்கம், குளிர்வித்த வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

துண்டைப் பக்கவாட்டில் திருப்பி, அடுக்குகளுக்கு இணையாகப் பாருங்கள். சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவற்றின் இடைவெளியை அளந்து 1.305-ஆல் பெருக்குங்கள். விடை அடுக்குத் தடிமனோடு பொருந்தினால் காரணம் இறுகும் ஆழம் அல்லது கழுவிய விதம். பொருந்தாவிட்டால் அடுக்கைக் குறை சொல்லாதீர்கள். ஸ்லரி தொட்டியில் நேரம் ஆக ஆகப் படிந்திருக்கலாம். அப்படியென்றால் முதலில் அச்சான அடிப்பக்கமும் கடைசியில் அச்சான மேல்பக்கமும் ஒரே அளவு சுருங்கியிருக்காது. இரண்டின் அகலத்தையும் அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.